முதலில் உன் அண்ணனிடம் கேள்

பட்டர்வொர்த்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம். அம்மாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது; கால் வீக்கமும் வடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அழைப்பதை நிறுத்தியதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்வதில்லை. உனக்கு வேலை அதிகம் என்று நானே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வேலை அதிகமாகத்தான் இருக்கும்.

எதிர்வீட்டுப் பெண் பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துவிட்டு உளவியல்தான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். அவளுடைய தாயாருக்குப் பாதி பெருமை, பாதி பயம். உளவியல் படித்தால் அடுத்தவர் மனத்தில் இருப்பது தெரிந்துவிடுமா என்று என்னிடம் கேட்டார். என் மகள் இத்தனை ஆண்டுகளாக அதைக் கற்பிக்கிறாள், அவள் மனத்தில் இருப்பதே எனக்குத் தெரிவதில்லை என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன். அந்தப் பெண் கல்விக் கண்காட்சியிலிருந்து உங்கள் துறையின் கையேட்டை எடுத்து வந்திருந்தாள். விரிவுரையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு படம், அதன் கீழே அவர் கற்பிக்கும் பாடங்கள், அதற்கும் கீழே ஆய்வு ஆர்வங்கள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு விளங்கினால்தானே அவளுக்கு விளக்க முடியும் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

ஒருவர் மாணவர்களின் தூக்கத்துக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பை ஆராய்கிறார். இன்னொருவர் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்ப்பவர்களின் சோர்வை ஆராய்கிறார். பாயான் லெப்பாஸில் ஓய்வு பெறும்வரை இரவு வேலை பார்த்த உன் சித்தப்பாவைச் சந்தித்தால் அவருக்கு ஒரு புத்தகத்துக்கு வேண்டிய தகவல் கிடைத்திருக்கும். சீன விரிவுரையாளர் ஒருவர், வீட்டில் ஹொக்கியனும் கடையில் மலாயும் பள்ளியில் மாண்டரினும் கேட்டு வளரும் குழந்தை எந்த வயதில் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்தறிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நம் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்.

உன் பக்கத்தைக் கடைசியில்தான் படித்தேன். ஆய்வு முறையியல், புள்ளியியல், நினைவாற்றல் என்று மூன்று பாடங்கள் உன் பெயரில் இருக்கின்றன. மற்றவர்கள் தட்டிக் கழிக்கும் புள்ளியியலை நீயாகவே கேட்டு வாங்கிக்கொண்டாய் என்றும், உன் வகுப்பில் எண்களைக் கண்டு அஞ்சுவதை விட்டதாகவும் உன் பழைய மாணவன் ஒருவன் தண்ணீர்மலைக் கோயில் படிக்கட்டில் என்னைப் பார்த்துச் சொன்னான். ஓர் ஆசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆய்வு வரும், போகும். வகுப்பை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதே.

மாற்றம் ஆய்வு ஆர்வங்களில்தான். சென்ற ஆண்டுக் கையேடும் என் மேசை இழுப்பறையில் இருப்பதால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வாய்ப்பாட்டை மனத்துக்குள் எந்த மொழியில் சொல்லிக்கொள்கிறார்கள் என்ற உன் ஆய்வு அதில் முதல் வரியாக இருந்தது. அதைப் பற்றி நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. இந்த ஆண்டு அது இரண்டாவது வரிக்கு இறங்கிவிட்டது. புதிதாக வந்திருக்கும் முதல் வரியை இங்கே எடுத்தெழுத எனக்குக் கை வரவில்லை. நீ எழுதியது, உனக்குத் தெரியும்.

அது ஆராயத் தகாத பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. உளவியல் ஆய்வுகளில் கலந்துகொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மேலை நாட்டினர், அவர்களிலும் பலர் கல்லூரி மாணவர்கள், அவர்களை வைத்தே மனித மனம் இப்படிப்பட்டது என்று பாடநூல்கள் முடிவு கட்டிவிடுகின்றன என்று கனடாவிலிருந்து மூன்று பேர் 2010இல் எழுதியதை நீதான் எனக்குத் தோசை சாப்பிட்டுக்கொண்டே விளக்கினாய். அப்படியானால் நம் வீடுகளைப் பற்றி நம்மில் ஒருவர்தான் எழுத வேண்டும். 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் மனநல மருத்துவமனை திறந்த நாளிலிருந்து அந்த ஊர்ப் பெயரே நம்மவர்களுக்கு ஒரு வசையாகிவிட்டது. நான் பிறந்த தோட்டத்தில் யாராவது ஒருவர் அங்கே போய் வந்தால் அந்த வீட்டில் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். இதையெல்லாம் எழுத வேண்டியவள் நீ என்றால், தகுதியான கைக்குத்தான் போயிருக்கிறது.

ஆனால், நம் குடும்பங்கள் வெட்கத்தால் வாயை மூடிக்கொண்டதாக மட்டும் எழுதிவிடாதே. 2023இல்தான் நம் நாடாளுமன்றம் குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவை நீக்கியது. அதுவரை உயிரை விட முயன்று பிழைத்துக்கொண்டவருக்கு ஓராண்டுவரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்றுதான் சட்டம் இருந்தது. கட்டிலில் கண் திறக்காமல் கிடக்கும் பிள்ளையின் பக்கத்தில் நின்றுகொண்டு, குறிப்பேட்டை விரித்து வைத்திருக்கும் காவலருக்குத் தகப்பன் என்ன பதில் சொல்வான்? தவறி நடந்துவிட்டது என்றேன். சித்தப்பாவிடமும் அதையே சொன்னேன், பள்ளியிலும் அதையே சொன்னேன், பிறகு அம்மாவும் அதையே சொல்லத் தொடங்கினாள். அன்று நான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உன் ஆய்வில் மௌனம் என்று நீ குறிப்பது அச்சத்தையா, வெட்கத்தையா, அல்லது பிள்ளையைச் சிறைக்கு அனுப்பாமல் காப்பாற்றிய புத்தியையா? மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டால் உன் புள்ளிவிவரம் எப்படிச் சரியாக வரும்? புள்ளியியல் கற்பிப்பவளிடம் நான் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நீ இங்கே விட்டுச்சென்ற பாடநூல்களைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் துறையின் பெரியவர்கள் வீட்டுக்குள்ளேயே ஆய்வு செய்தவர்கள் என்பது தெரிகிறது. எபிங்ஹௌஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தாமே மறந்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். அவர் சோதித்தது அவரை மட்டுமே. அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் விழுந்து விழுந்து படித்த குழந்தை உளவியலாளர் பியாஜே தம் மூன்று பிள்ளைகளையும் தொட்டிலிலிருந்தே கவனித்துக் குறிப்பெடுத்தார். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. எழுதப்பட்டதில் அவர்கள் வெட்கப்படும்படியாக ஒன்றுமில்லை என்பதால் தப்பித்தார்கள். 1920இல் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்ததோ வேறு. ஒரு கைக்குழந்தையின் முன் வெள்ளெலியை விட்டு, இரும்புக் கம்பியைச் சுத்தியால் அடித்து அடித்து அதற்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பயத்தைப் போக்காமலேயே விட்டுவிட்டார். அதைப் படித்துவிட்டு அன்று மாலை கோப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

இப்போது நெறிமுறைக் குழு இருக்கிறது, அனுமதிப் படிவம் இருக்கிறது, பெயரை மாற்றிவிடுவோம் என்பாய். உன் பெயருக்குப் பின்னால் அடையாள அட்டையில் என் பெயர் நிற்கிறது. உன் அண்ணனின் பெயருக்குப் பின்னாலும் அதே பெயர்தான் நிற்கிறது. பினாங்குக் குடும்பம், தகப்பன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஒரு மகன், ஒரு மகள் என்று நீ எழுதினால் மாற்றிய பெயருக்கு அடியில் இருப்பது யார் என்று கண்டுபிடிக்க உளவியல் பட்டம் தேவையில்லை. ஜொகூரில் அவனுக்கு ஒரு வேலையும் மனைவியும் குழந்தையும் இருக்கிறார்கள். அண்ணிக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கே தெரியாது. அவள் வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் முதலில் அவனிடம் கேள். ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், உன் துறைத் தலைவரிடம் பேசுவதற்கு முன்னால், அவனிடம் கேள். ஏற்கெனவே கேட்டுவிட்டாய், அதனால்தான் இரண்டு பேருமே இங்கே அழைப்பதில்லை என்றால், அதையாவது எனக்குச் சொல்.

இன்னொன்று. கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்பவர் வேற்று நாட்டுக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, சில காலம் கழித்துத் திரும்ப எழுதச் சொன்னபோது, படித்தவர்கள் புரியாத இடங்களை விட்டுவிட்டுத் தங்களுக்குப் பழக்கமான வடிவத்துக்குக் கதையை மாற்றிவிட்டார்கள் என்று 1932இல் வெளிவந்த அவருடைய நூல் சொல்கிறது. அந்தக் கதை அவர்கள் வாழ்க்கையில் நடந்ததல்ல. அதற்கே அந்தக் கதி. அந்த இரவை அம்மா சொன்னால் அது மழைநாள். நான் சொன்னால் மழையே இல்லை. அண்ணன் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நீ அப்போது மூன்றாம் படிவம், பி.எம்.ஆர். தேர்வு நெருங்கிவிட்டது என்று உன்னை ஆயர் ஈத்தாமில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். இதில் எதை நீ தரவு என்று எடுத்துக்கொள்வாய்?

பென்னபேக்கர் என்ற அமெரிக்கருடைய ஆய்வை நீ பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறாய். தங்களுக்கு நேர்ந்த மிகப் பெரிய துயரத்தைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குக் கால் மணி நேரம் எழுதிய மாணவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது என்று 1986இல் அவர் கண்டார். அவர்கள் எழுதியது தங்களுடையதை என்பதைக் கவனி. உன்னுடையதை நீ எழுதினால் நான் ஒரு சொல் குறுக்கே சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் சித்தி வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு உனக்கு என்ன தெரிந்திருந்தது, யார் சொல்லித் தெரிந்தது என்பது இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்து வந்தாய். நீ நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டோம்.

எதிர்வீட்டுப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஆலோசகர்கள் உங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்காக இருக்கிறார்கள் என்று கையேட்டில் போட்டிருக்கிறதே, விரிவுரையாளர்களும் அவர்களிடம் போய்ப் பேசலாமா, அல்லது உடன் வேலை செய்பவர்களிடம் போவது முறையாகாது என்பதால் வெளியே வேறு யாரிடமாவது போவார்களா என்று. பிறருடைய துயரத்தை நாள் முழுவதும் கேட்டுப் பதிவு செய்பவர்கள் இரவில் யாரிடம் பேசுவார்கள் என்றும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீ எழுதினால் அவளிடம் சொல்கிறேன். அவள் விண்ணப்பம் இம்மாதக் கடைசிக்குள் போக வேண்டும் என்பதால் தாமதிக்காமல் எழுது. எழுத நேரமில்லை என்றால் அழைத்துச் சொன்னாலும் போதும்.

கையேட்டில் உன் பக்கத்தின் அடியில், அறுபது வயதைக் கடந்த பெற்றோர் ஆய்வில் கலந்துகொள்ளத் தேவைப்படுகிறார்கள் என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. அதை நான் பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். தமிழில் அனுமதிப் படிவம் இருந்தால் ஒன்று அனுப்பு. நேர்காணலை நீ எடுக்கக் கூடாது. நம் வீட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத, தமிழ் தெரிந்த மாணவர் ஒருவரை வைத்து எடு. நான் ரயிலில் கோலாலம்பூருக்கு வந்துவிடுவேன். உன் வீட்டில் தங்க வேண்டும் என்பதில்லை. அம்மாவுக்குப் படிவம் அனுப்பாதே, அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். என் கையெழுத்தும் என் பதிவும் உன்னிடம் வந்த பிறகும், அண்ணன் தன் வாயால் சரி என்று சொல்லும்வரை அந்த உறையைப் பிரிக்கக் கூடாது. அவன் வேண்டாம் என்றால் பிரிக்காமலே எனக்குத் திருப்பி அனுப்பிவிடு.

அப்பா