கட்டைவிரலை மடக்கு, பாப்பா

அன்பு பாப்பாவுக்கு,

நீ காலின் வெளி ஓரத்தில் நடக்கிறாய். நேற்று வீடியோ காலில் போனை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு டீ எடுக்கப் போனாயே, அப்போது பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த கெட்டிச் செருப்புக்குள்ளேயே பாதத்தைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து, கட்டைவிரல் எதிலும் படாமல், இடுப்பை ஒரு பக்கம் தூக்கித் தூக்கி வைக்கிறாய். கால் கட்டைவிரல் கோணி, அதன் அடியில் பக்கவாட்டில் புடைத்திருந்ததற்குச் செய்த ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது வாரம், வலிக்குப் பயந்து எல்லாரும் செய்வதுதான். ஜி.எச். பிசியோதெரபி அறையில் சர்வீஸ் முழுக்க இதைப் பார்த்தவன் நான். ஆனால் இந்த நடை பழகிவிட்டால் அப்புறம் மாற்றுவது பெரும்பாடு. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய எக்ஸ்ரேயைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல வேலை செய்திருக்கிறார்கள். வெளியே புடைத்துக்கொண்டிருந்தது புதிதாக வளர்ந்த கட்டி இல்லை, கட்டைவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் இருக்கிற நீள எலும்பு விலகிப்போய் அதன் தலை வெளியே தள்ளி நின்றது. அதனால் புடைப்பைச் சீவி எடுத்தால் மட்டும் போதாது, எலும்பையே நகர்த்தவேண்டும். உனக்கு அதை இசட் வடிவில் வெட்டி நகர்த்தி ஸ்குரூ போட்டிருக்கிறார்கள், ஸ்கார்ஃப் என்பார்கள். விரல் எலும்பிலும் ஆப்பு வடிவத்தில் சின்னத் துண்டு ஒன்றை எடுத்து நிமிர்த்தியிருக்கிறார்கள், அதற்கு ஏக்கின் என்று பேர். வெட்டிய எலும்பு ஒட்டுவதற்குப் பொதுவாக ஆறு வாரம் ஆகும், அதுவரை ஸ்குரூ பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியை நம்பித்தான் தையல் பிரித்த கையோடு விரலை மடக்கச் சொல்லி உன் டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

நீயோ மடக்கினால் எலும்பு நகர்ந்துவிடும் என்று விரலைத் தொடவே பயப்படுகிறாய். மடங்குவது அந்த இரண்டு எலும்பும் சேருகிற மூட்டு. வெட்டு இருப்பது மூட்டுக்கு முன்னும் பின்னும். மூட்டைச் சுற்றியிருக்கிற உறையையும் திறந்து தைத்திருப்பார்கள், அது ஆறும்போது சுருங்கும், மழையில் நனைந்த தோல் செருப்பு காய்ந்து விறைப்பது மாதிரி அப்படியே இறுகிவிடும். நான் பயப்படுவது அதற்குத்தான். சாதாரணமாக நடக்கவே கட்டைவிரல் ஏறக்குறைய 60 டிகிரி மேல்நோக்கி வளையவேண்டும். குதிகால் ஊன்றி, பாரம் முன்னால் உருண்டு வந்து, கடைசியில் கட்டைவிரலில்தான் உந்திப் போகிறோம். விரல் மேலே வளையும்போது உள்ளங்காலில் ஓடுகிற பட்டை இழுபட்டு, பாதத்தின் வளைவு தூக்கிக்கொண்டு, கால் கெட்டிப்படும். அது நடக்காவிட்டால் பாரமெல்லாம் இரண்டாவது விரலின் அடியில் இறங்கி, அங்கே காய்த்துப்போய் வலிக்கும். அப்புறம் முட்டி, அப்புறம் இடுப்பு. விரல் நேராகிவிட்டது, ஆனால் நடக்க முடியவில்லை என்று வருகிறவர்களை எனக்குத் தெரியும் பாப்பா, நீ அப்படி ஆகக் கூடாது.

அவர்கள் கொடுத்த ஒற்றைத் தாளில் இருக்கிற படத்தைப் பார்த்துப் புரியவில்லை என்றாய். இப்படிச் செய். நாற்காலியில் உட்கார்ந்து காலை எதிர்த் தொடைமேல் போடு. ஒரு கையால் மூட்டுக்குப் பின்னால் பாதத்தின் எலும்பை மேலும் கீழுமாக அழுத்திப் பிடி, அது அசையவே கூடாது. இன்னொரு கையால் விரலைப் பிடி, நுனியில் இல்லை, மூட்டை ஒட்டி அடியில். நகத்துப் பக்கம் பிடித்து வளைத்தால் நுனி மூட்டு மட்டும்தான் வளையும், வளைத்துவிட்டோம் என்று ஏமாந்துபோவோம். கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு மெதுவாக மேலே தூக்கு, இறுக்கம் தெரிகிற இடத்தில் நிறுத்திப் பத்து எண்ணு, விடு. அதேபோல் கீழே. பக்கவாட்டில் திருக வேண்டாம். ஒவ்வொரு தடவையும் பத்து முறை, காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி. இழுக்கிற வலி இருக்கும், அது பரவாயில்லை. விட்டபிறகும் மணிக்கணக்கில் குடைந்தாலோ, மறுநாள் வீக்கம் ஏறினாலோ அளவைக் குறை. முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிஷம் வைத்து, தலையணைமேல் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கிப் படுத்துக்கொள்.

நடக்கும்போது இப்போதைக்கு உந்த வேண்டாம். அந்தச் செருப்பில் பாதம் முழுதும் தட்டையாக வை, கட்டைவிரலின் அடிப்பகுதி தொடுவது உனக்குத் தெரியவேண்டும். சின்னச் சின்ன அடி போதும். உன் வீட்டு மாடிப்படி செங்குத்து, ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது ஆபரேஷன் காலை முதலில் வை. அவசரத்துக்கு பிரேக்கை ஓங்கி மிதிக்க முடியும் என்று டாக்டர் சொல்கிறவரை காரைத் தொடாதே, மாப்பிள்ளை ஓட்டட்டும்.

ஷூ போட்டுத்தான் இது வந்தது என்று உன்னையே திட்டிக்கொள்கிறாய் என்று அம்மா சொன்னாள். அப்பத்தாவின் கால் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வயலிலும் வரப்பிலும் வெறுங்காலோடு நடந்தவர், ஆயுசுக்கும் ஷூ என்பதையே போட்டதில்லை, அவருக்கும் இரண்டு காலிலும் இதே புடைப்பு. எனக்கும் லேசாக உண்டு. நம் குடும்பத்துப் பாத வாகு அது. முனை குறுகிய ஷூ அதைச் சீக்கிரம் கிளப்பிவிடும், அவ்வளவுதான். இனிமேல் முன்பக்கம் அகலமானதாக வாங்கு.

வீக்கத்தைப் பார்த்து மிரளாதே. சாயங்காலம் உப்புவது ஆறு மாசம்கூட இருக்கும், சிலருக்கு வருஷம் ஆகும். மெட்டியைக் கழற்றி வைத்திருக்கிறாயே என்று அம்மாவுக்கு ஒரு குறை. நான் பேசிவிட்டேன், வீங்கின விரலில் திணித்தால் இறுக்கிவிடும், வடியட்டும். தழும்புக்குப் பக்கத்தில் மரத்திருப்பது தோல் நரம்பு அதிர்ந்ததால், பெரும்பாலும் மெல்ல மெல்லச் சரியாகும். ஆனால் கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, தையல் இடம் சிவந்து சூடாகி நீர் கசிந்தாலோ என்னிடம் கேட்டுக்கொண்டிருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

அடுத்த வாரம் எக்ஸ்ரே எடுக்கும்போது டாக்டரிடம் எலும்பு ஒட்டிவிட்டதா, சாதாரண ஷூவுக்கு மாறலாமா, முன்பாதத்தில் பாரம் போடலாமா என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள். அவர் சரி என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கும் பயிற்சியை ஆரம்பிக்கலாம். முதலில் இரண்டு காலிலும், ஒற்றைக் கால் ரொம்பப் பிந்தி. அதை எப்படிச் செய்வது என்று அப்போது எழுதுகிறேன்.

அப்பா