கங்கையில் தட்டி கட்டும் வேலையை அக்டோபரிலேயே தொடங்குங்கள்

இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையத்தாருக்கு,

வணக்கம். கங்கை வழியாகச் செல்லும் தேசிய நீர்வழி 1-இல் ஹல்தியாவிலிருந்து பீகாரின் பார் நகரம் வரை 3 மீட்டர், காசிப்பூர் வரை 2.5, வாரணாசி வரை 2.2 மீட்டர் ஆழம் என்பது உங்கள் இலக்கு. கோடையில் அது நிலைக்க வேண்டுமானால், வெள்ளம் வடியும்போதே வேலையில் இறங்க வேண்டும்.

வடிகிற ஆறு மணல்திட்டுகளுக்கு நடுவே இரண்டு மூன்று கிளையாகப் பிரியும். எந்தக் கிளையில் தண்ணீர் தங்கும் என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. மார்ச்சில் தூர்வாரினால், வெட்டிய பள்ளத்தை அரித்து வைத்துக்கொள்ளும் வேகம் நீருக்கு இருக்காது. மணல் திரும்ப வந்து மூடிவிடும். தூர்வாரிய மணலை அதே கப்பல் கால்வாயில் நீர் வரும் பக்கமாகக் கொட்டினாலும் இதே கதிதான். வேண்டாத கிளையின் வாயில் கொட்டுங்கள், அடைப்பாகவாவது உதவும்.

இதைவிட மலிவானது, பண்டால் என்கிற மூங்கில் தட்டி. 2 அடி இடைவெளியில் மூங்கில்களை ஆற்றுப்படுகையில் அடித்து, குறுக்குக் கழியும் முட்டுக்கழியும் கொடுத்து, முகப்பில் பாய் கட்டுவார்கள். வரிசை நீரோட்டத்துக்கு 30 முதல் 40 பாகை சாய்ந்திருக்க வேண்டும். பாயின் மேல்விளிம்பு நீர்மட்டத்தில் நிற்க, அடியில் திறப்பு இருக்க வேண்டும். மணல் அதிகம் கலந்த அடிநீர் அந்தத் திறப்பில் நுழைந்து தட்டிக்குப் பின்னால் படியும். தெளிந்த மேல்நீர் கால்வாய்ப் பக்கம் ஒதுங்கிப் படுகையை அரித்து ஆழமாக்கும். நீர் இறங்க இறங்கப் பாயையும் இறக்கிக் கட்ட ஆள் வேண்டும். ஆனால் பாய் தரையைத் தொட விடக்கூடாது. தொட்டால் தட்டி சுவராகிவிடும், மூங்கிலின் அடிமண் பறிந்து வரிசையே சாயும். சுல்தான்கஞ்ச்–கஹல்காவ் இடையே உள்ள ஓங்கில் (டால்பின்) சரணாலயத்துக்கும் இயந்திர இரைச்சலைவிட இதுவே நல்லது.

இத்தனை செய்தும் ஆழம் குறையும் நாள்கள் வரும். 60 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலமுள்ள பார்ஜில் (தட்டையான சரக்குப் படகில்) 10 சென்டிமீட்டர் ஆழம் ஏறத்தாழ 60 டன் சரக்குக்குச் சமம். ஆகவே வாரந்தோறும் அளந்து, வழியிலேயே மிக ஆழம் குறைந்த இடம் எது, அங்கே எவ்வளவு என்று சரக்கு ஏற்றும் முன்பே சொல்லுங்கள். சராசரி ஆழத்தை நம்பி ஏற்றிய கப்பல் தரைதட்டும். அந்த இடங்களில் வேகவரம்பும் வையுங்கள். ஆழமில்லாத நீரில் வேகத்தைப் பாதியாக்கினால், ஓட்டத்தால் கப்பல் கூடுதலாகத் தாழ்வது ஏறக்குறைய கால்பங்காகிவிடும்.

நீர் இறங்கும்போது மூங்கிலும் ஆளும் கரையில் தயாராக நிற்க, தட்டிக்கான ஒப்பந்தங்களைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.