அந்தத் தகப்பனை ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

மதிப்புக்குரிய அபாயே அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. பாபிலோனியாவில் பும்பெதித்தா என்ற ஊரின் யூதக் கல்விச்சாலைக்குத் தலைவராக இருந்த நீங்கள் மறைந்து ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது.

யூதர்களின் சட்டமும் கதைகளும் அடங்கிய பெருநூலான தல்மூதில் ஷப்பாத் என்ற பகுதியின் 53ஆம் ஏட்டில் அந்தக் கதை வருகிறது. ஒருவனுடைய மனைவி கைக்குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோகிறாள். பால் கொடுக்க ஒரு பெண்ணை வைக்கலாம் என்றால் கூலி கொடுக்கக் காசில்லை. அப்போது ஓர் அற்புதம் நடக்கிறது. பெண்ணுக்குப் போலவே அவன் மார்பில் பால் சுரக்கிறது; அவனே பிள்ளைக்குப் பால் கொடுக்கிறான். உங்கள் ஆசிரியர் ராவ் யோசேப் உருகிப்போகிறார்: இப்படி ஓர் அற்புதம் நடக்க வேண்டுமானால் இவன் எவ்வளவு பெரியவனாக இருக்க வேண்டும்! நீங்கள் உடனே மறுக்கிறீர்கள்: இல்லை, இவன் எவ்வளவு தாழ்ந்தவன், இவனுக்காகப் படைப்பின் ஒழுங்கே மாற வேண்டியதாயிற்றே!

முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, பசித்து அழும் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவனைப் போய் இப்படிச் சொல்லலாமா?

தல்மூதுக்கு உரை எழுதிய ராஷி சொல்வதைப் பார்த்த பிறகு கோபம் கொஞ்சம் தணிந்தது. கூலியின் வாசல் அவனுக்குத் திறக்கவில்லையே, அதுதான் தாழ்வு என்கிறார் அவர். நாலு காசு கிடைக்க ஒரு வழி பிறந்திருந்தால் போதும், உலகம் தன் போக்கில் போயிருக்கும், பிள்ளையும் பிழைத்திருக்கும். அது நடக்காததால்தான் அற்புதம் தேவைப்பட்டது.

உங்கள் முன்னோர்களும் இந்த ஒழுங்கை மிகவும் மதித்தவர்கள்தானே. திருடிய கோதுமையை விதைத்தால் நியாயப்படி அது முளைக்கவே கூடாது, ஆனால் உலகம் தன் வழக்கப்படி நடக்கிறது என்றார்கள். செங்கடல் பிளந்ததைக்கூட ஒழுங்கை மீறிய செயலாக விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. இஸ்ரயேலருக்கு நீ வழிவிட வேண்டும் என்று கடலைப் படைக்கும்போதே கடவுள் அதனிடம் நிபந்தனை போட்டுக்கொண்டார் என்கிறார் அவர்களில் ஒருவரான ரபி யோகனான். தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா நூலில் இதைவிட அழகான ஓர் இடம் உண்டு. படைப்பின் ஆறாம் நாள், ஓய்வுநாள் தொடங்கப்போகிற அந்தி நேரத்தில் பத்துப் பொருள்கள் படைக்கப்பட்டனவாம். வானவில், பாலைவனத்தில் வானிலிருந்து வந்த மன்னா என்ற உணவு, மோசேயின் கோல், பிலேயாமின் கழுதை பேசிய வாய் எல்லாம் அதில் அடக்கம். அந்தக் கழுதை பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அதன் வாய் தயாராகி, தன் நாளுக்காகக் காத்திருந்தது என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இந்த இழையைத்தான் பிடித்துக்கொண்டார். அற்புதங்களும் தொடக்கத்திலேயே இயற்கைக்குள் வைக்கப்பட்டவை என்றார். அடுத்த நூற்றாண்டில் ஸ்பெயினின் ஜெரோனா நகரத்து அறிஞர் நக்மனிடிஸ், நமக்கு நடப்பது எல்லாமே மறைவான அற்புதம், அதில் இயற்கை என்று எதுவும் இல்லை என்று எதிர்த் திசையில் போனார். என் மனம் மைமோனிடிஸ் பக்கம்தான் சாய்கிறது.

ஆனால் ஐயா, அற்புதமே வேண்டாம் என்பவரும் அல்ல நீங்கள். நம் முன்னோருக்கு அற்புதங்கள் நடந்தனவே, நமக்கு மட்டும் ஏன் நடப்பதில்லை என்று உங்கள் மாணவர் ராவ் பாப்பா உங்களிடம் கேட்டார். அவர்கள் கடவுளின் திருப்பெயருக்காக உயிரையே கொடுத்தார்கள், நாம் அப்படி இல்லை என்றீர்கள். இவ்வளவு ஏக்கத்தோடு பேசிய ஒருவர் அந்தத் தகப்பனை மட்டும் ஏன் தாழ்த்தினார்? வெகு நாள் எனக்குப் பிடிபடவில்லை.

அப்புறம்தான் தல்மூதின் கித்துஷின் என்ற பகுதியில் உங்களைப் பற்றி இருப்பதைப் படித்தேன். நீங்கள் கருவில் இருந்தபோது அப்பா போய்விட்டார். பெற்றவுடன் அம்மாவும் போய்விட்டார். அப்படியானால் 'அம்மா எனக்குச் சொன்னாள்' என்று அடிக்கடி சொல்கிறாரே, அது யார் என்று தல்மூதே கேட்டு, அது அவரை வளர்த்த செவிலித்தாய் என்று பதிலும் சொல்கிறது.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தக் கதையில் வரும் குழந்தை நீங்கள்தானே ஐயா! உங்களுக்காக எந்த ஆணின் மார்பும் திறக்கவில்லை. ஒரு பெண் வந்து தூக்கிக்கொண்டாள். படைப்பின் ஒழுங்கு என்று நீங்கள் சொன்னபோது உங்கள் மனதில் அவர் முகம்தான் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன மாதம் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. இரண்டு நாள் மார்பில் வாயே வைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். வயதான நர்ஸ் ஒருவர் வந்து, குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எழுப்பி, பால் பிடிக்க வைத்தார். அன்று இரவு உங்கள் அம்மா சொன்ன வைத்தியம் ஒன்று நினைவுக்கு வந்தது. குழந்தை பால் குடிக்கவில்லை என்றால் அதன் வாய் குளிர்ந்திருக்கிறது என்று பொருள். ஒரு கிண்ணத்தில் தணல் எடுத்து வந்து வாய்க்கு அருகே பிடி, வாய் சூடேறியதும் குடிக்கும். ஷப்பாத் 134ஆம் ஏட்டில் நீங்களே சொல்கிறீர்கள். எத்தனை பிள்ளைகளின் வாயருகே அந்தக் கிண்ணத்தைச் சுட்டுவிடாமல், விலகிவிடாமல் பிடித்திருப்பார்!

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இத்தனை இடங்களில் அவர் சொன்னதைச் சொல்லும் நீங்கள் அம்மா என்பதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். அவர் பெயர் என்ன ஐயா?

அன்புடன்,
உங்கள் வாசகன்