மாசி வந்து சேர்ந்தது

அன்பு மகளுக்கு,

நீ மாலத்தீவிலிருந்து அனுப்பின மாசிக் கருவாடு வந்து சேர்ந்தது. காற்றுக்காலம் முடிந்து மாலே போய்வந்த தோணியில் ஒரு பையன் கொண்டுவந்தான். அம்மா ஒரு துண்டை அம்மியில் தட்டினாள். உள்ளே நல்ல சிவப்பு, கண்ணாடி மாதிரி. சூரையை அவித்து, புகை காட்டி, கட்டையாகிறவரை காயவைக்கிற பக்குவம் அந்தத் தீவுக்காரர்களுக்குத்தான் வரும். பொட்டலத்தை இரண்டு தடவை பிரித்துப் பார்த்தேன். ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. அங்கே மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மிதந்து நிற்கிறது. கூட இறைத்தால் உப்பு ஏறிவிடும். கிணற்றை நம்பாதே.

ஜூலை 26 அன்று உனக்கு லீவுதானே, 1965-ல் மாலத்தீவு விடுதலையான நாள். நமக்கு மாதா கோயில் கொடியேற்றம். அன்றைக்காவது கூப்பிடுவாய் என்று இருந்தேன். வளையமாகக் கிடக்கிற பவளத்தீவுகளை 'அட்டோல்' என்று உலகமே சொல்கிற சொல் அந்த ஊர் திவேஹி பாஷையிலிருந்து போனது என்று நீ சொன்னாயே, அதை அத்தை வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். முப்பது வருஷம் அங்கே வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப்போன எனக்கு அது தெரியாது. நான் கொண்டுவந்த சோழியில் பல்லாங்குழி ஆடின பிள்ளை நீ, இப்போது அந்தப் பிள்ளைகளுக்கே டீச்சர்.

வாசலில் நான் பேசினதை மனதில் வைக்காதே. அந்தப் பேச்சு இனி இந்த வீட்டில் வராது.

தண்ணீரைக் காய்ச்சித்தானே குடிக்கிறாய்? அந்த நாட்டில் தானாக அமைந்த உயரமான மேடே 2.4 மீட்டர்தான். கடல் கொஞ்சம் பொங்கினாலும் எனக்கு இங்கே தூக்கம் வராது. 2004-ல் கிறிஸ்மஸுக்கு மறுநாள் நான் மாலே துறைமுகத்தில் இருந்தேன். அலை மதில் மாதிரி எழும்பவில்லை. பால் பொங்குகிற மாதிரி ஏறி, தெருவுக்குள் போனது. ரா அட்டோலில் கந்தொளுதூ என்ற தீவையே சனங்கள் விட்டுவிட்டுப் போனார்கள். இங்கே அம்மா டிவியைப் பார்த்துவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டு பழைய துறைமுகத்தில் நான்கு நாள் நின்றாள். போன் லைன் கிடைக்கவில்லை என்று வந்து சொன்னேன். அது பொய், மகளே. மறுநாளே கிடைத்தது. கிளம்பும்போது அம்மாவோடு சண்டை, அவளே தவிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். உனக்கு அப்போது எட்டு வயசு. நீயும் நின்றாய் என்பதை நான் நினைக்கவே இல்லை.

அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகுமுன் சொல்லிவிடுவேன். பூசை முடிந்து பத்து மணிக்கு இரண்டு பேரும் வீட்டில்தான் இருப்போம்.

அப்பா