ராஜிக்கு ஒரு சான்றிதழ் புராணம்

அன்புள்ள ராஜி,

நீ கேள்வி கேட்டு தீபாவளியும் போய்விட்டது. திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பர் முதலில் அவர் கைக்குத்தான் போகிறது. மற்ற எல்லோரும் சுகம்.

பேங்க் சாஃப்ட்வேரை விட்டுவிட்டு, என்னைப் போல கிளினிக்கல் டிரையல், அதாவது மருந்துச் சோதனை, சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்யும் பக்கம் வரலாமா, வந்தால் எந்தச் சான்றிதழ் எழுதலாம் என்று கேட்டிருந்தாய். நான் சோம்பலில் கிடந்தபோது எங்கள் ஆபீஸிலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. அடுத்த ஏப்ரல் முதல் ஐஎஸ்டிக்யூபி என்ற சாஃப்ட்வேர் டெஸ்டிங் சான்றிதழ் இல்லாத டெஸ்டருக்குப் பதவி உயர்வு கிடையாதாம். கட்டணம் நம் கைக்காசு, பாஸானால்தான் திருப்பித் தருவார்களாம். அதிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல், நீ மாட்டிக்கொண்டாய்.

பரீட்சை ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஃபவுண்டேஷன் என்ற முதல் லெவலில் 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் பாஸ். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு 15 நிமிடம் கூடுதல். கணேசன் சாரின் வைவாவைத் தாண்டியவள் நீ, தூங்கிக்கொண்டே எழுதிவிடுவாய். ஆனால் அது எல்லாத் துறைக்கும் பொதுவான பரீட்சை. பேங்க்கோ, பஸ் டிக்கெட்டோ, மருந்துச் சோதனையோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

எங்கள் டீமுக்கு ஒரு பையன் வந்தான். சான்றிதழ் உண்டு, நல்ல மார்க். முதல் வேலையாக ஒரு எடிட் செக், அதாவது பதிவில் தப்பு இருந்தால் சிஸ்டமே பிடிக்கும் விதி, சோதிக்கக் கொடுத்தோம்: நோயாளி ஒப்புதல் கையெழுத்திட்ட தேதிக்கு முன்னால் விசிட் தேதி இருந்தால் சிஸ்டம் க்வெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) எழுப்ப வேண்டும். முந்தின நாள், அதே நாள், மறுநாள் என்று எல்லைகளை அழகாகப் பிடித்துச் சோதித்தான். எல்லாம் பாஸ். எங்கள் ஆபீஸ் சுமதி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அதே நாள் காலை ஒன்பதுக்கு ரத்தம் எடுத்துவிட்டு, பத்தரைக்குக் கையெழுத்து வாங்கியிருந்தால்?" என்றார். ஃபார்மில் நேரம் கேட்கவே இல்லை, தேதி மட்டும்தான். ஒப்புதலுக்கு முன்னால் சோதனைக்காக ஊசி குத்தக்கூடாது என்பது ஜிசிபியின், அதாவது மருந்துச் சோதனை நடத்தும் நெறிமுறையின், அரிச்சுவடி. சிஸ்டம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருவதுதான் ஸ்பெக். "ஸ்பெக்கில் அப்படி இல்லையே அக்கா" என்றான் பையன். பரீட்சைப்படி அவன் சொன்னதில் தப்பே கிடையாது! அக்காவிடம் ஒரு சான்றிதழும் இல்லை. ஏப்ரலுக்குப் பிறகு பதவி உயர்வும் இல்லை.

இன்னொன்று. அவன் முன்னால் இருந்தது ஆன்லைன் கடை சாஃப்ட்வேரில். ஒரு ஸ்டெப் ஃபெயிலானதும் திரும்ப ஓட்டி, பாஸானதை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிட்டான். இங்கே ஃபெயிலானதும் ஆவணம்தான். யார் ஓட்டினார், எப்போது, ஏன் ஃபெயில், என்ன சரிசெய்தார்கள், எல்லாம் இருக்க வேண்டும். சிஸ்டம் சரியாக ஓடுகிறது என்பதற்கு ஆதாரமான வேலிடேஷன் ஃபைலில் ஒரு ஃபெயில்கூட இல்லை என்றால் ஆடிட்டருக்குச் சந்தேகம்தான் வரும்.

ராஜி, நாம் திரையில் பார்ப்பது ஒரு சப்ஜெக்ட் நம்பர்தான், பெயர் வராது. அதனாலேயே அங்கே ஒரு ஆள் படுத்திருக்கிறார் என்பது மறந்துபோகிறது. பல டிரையல்களில் யாருக்கு எந்த மருந்து என்று டாக்டருக்கே தெரியக்கூடாது. யார் எப்போது எதை மாற்றினார் என்று சிஸ்டம் பதிந்துவைக்கும் ஆடிட் டிரெயிலின் ஏதோ ஒரு மூலையில் அது அவர் கண்ணில் பட்டுவிட்டால், அந்த நோயாளி பொறுத்துக்கொண்ட ஊசியும் அலைச்சலும் சந்தேகத்துக்குரிய டேட்டாவாகிவிடும். இதை எந்த 40 கேள்வியில் கேட்பார்கள்?

சட்டமும் சான்றிதழ் கேட்கவில்லை. அமெரிக்காவின் பார்ட் 11, மின்னணுப் பதிவுகளுக்கும் கையெழுத்துக்குமான விதி, 1997-இல் வந்தது. சிஸ்டத்தைச் செய்கிறவர், பராமரிக்கிறவர், பயன்படுத்துகிறவருக்குக் கல்வி, பயிற்சி, அனுபவம் வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். 2025 ஜனவரியில் வந்த ஐசிஎச் இ6 ஆர்3-யிலும், அதாவது ஜிசிபியின் புதிய பதிப்பிலும், அதே மூன்றுதான். போன ஆடிட்டில் டிரெய்னிங் ஃபைலையும் ரெஸ்யூமேயையும்தான் புரட்டினார்கள். ஹெச்ஆரிடம் சொன்னேன், சிரித்தார்.

சரி, உனக்கு என்ன சொல்வது? எழுதிவிடு. ரெஸ்யூமே வடிகட்டலில் அது இல்லாமல் உள்ளே நுழைவது கஷ்டம். ஆனால் இன்டர்வியூவுக்கு முன் பார்ட் 11-ஐ முழுதாகப் படி, சில பக்கம்தான், இலவசம். அப்புறம் ஜிசிபி டிரெய்னிங் ஒன்றை முடி. மருந்துத் துறை சிஸ்டம் வேலிடேஷனுக்கான கையேடு கேம்ப் 5, 2022-இல் வந்த இரண்டாம் பதிப்பு, விலை அதிகம், சேர்ந்த பிறகு ஆபீஸ் செலவில் படித்துக்கொள்ளலாம். ஆர்க்யூஏபி-ஜிசிபி என்று இன்னொரு சான்றிதழ் சொல்வார்கள், அது ஆடிட் செய்கிறவர்களுக்கானது, இப்போது வேண்டாம்.

ஸ்பெக்கைக் கையில் கொடுத்து, இதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கேட்கும் ஒரு உள் தேர்வு வைக்கலாமே என்று மேனேஜரிடம் கேட்டேன். "எழுதிக் கொடுங்க" என்று தலையில் கட்டிவிட்டார். முதல் கேள்வி அக்காவுடையதுதான். பேங்க்கில் இந்த மாதிரி ஸ்பெக்கில் இல்லாத ஓட்டை ஏதாவது நீ பிடித்திருந்தால் எழுதி அனுப்பு, பெயரை மாற்றிப் போட்டுக்கொள்கிறேன்.

பாபு கல்யாணத்துக்கு வருகிறாயா இல்லையா? இந்த வாரமே சொல்லிவிடு, இரண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட் போட வேண்டும்.

உன்,
கீதா