ஆண்டறிக்கை 2024/2025: செயலாளர் சமர்ப்பிப்பது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, நிர்வாகசபையினரே, அங்கத்தவர்களே,

எமது மாதிரி இயந்திர ஆர்வலர் சங்கத்தின் ஓராண்டுச் செயற்பாடுகளை யாப்பின்படி இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

மாதாந்தக் கூட்டங்கள் நடைபெற்றன. நிறைவெண் காணாமல் ஒத்திவைக்கப்பட்டவையும் உண்டு. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவுக்கு அங்கத்தவர் சிலர் சென்றுவந்தனர். வாணி விழா வழமைபோல் கொண்டாடப்பட்டது. பாடசாலை மாணவருக்கு சோல்டரிங் பயிற்சி ஒன்று நடத்தப்பட்டது. கருவி அலுமாரிக்குப் புதுப் பூட்டுப் போடப்பட்டது. மாதிரி விமானப் பிரிவு இவ்வாண்டு இயங்கவில்லை.

இனி தாங்கி வேலை. றிமோட்டில் ஓடும் பெரிய யுத்தத் தாங்கி ஒன்றைச் சங்கத்தின் பொது வேலையாகக் கட்டுவதென்று சென்ற பொதுக்கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானித்தோம். கை உயர்த்தியவர்கள் பலர். பொது நிதி செலவானது அந்தத் தீர்மானத்தின் பேரில்தான் என்பதை முதலிலேயே பதிவுசெய்கிறேன். இவ்வளவு பணத்தை ஒரே பொருளில் போடலாமா என்று ஆண்டு நடுவில் சிலர் கேட்டனர். கேட்டவர்களில் பெரும்பாலோர் வேலைத்தலத்துக்கு வந்து பார்க்கவில்லை. என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம், என்ன மிச்சம் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் விபரமாக எழுதுகிறேன்.

தெரிவுசெய்தது அமெரிக்காவின் எம்4 ஷேர்மன், ஆறில் ஒரு பங்கு அளவில். 1942 முதல் 1945 வரை ஏறத்தாழ 49,000 கட்டப்பட்ட தாங்கி அது. 1945 இல் பர்மாவின் மெய்க்திலாவைப் பிடித்த இந்தியத் தாங்கிப் படையணி ஓட்டியதும் இதைத்தான். நிஜத் தாங்கியின் நீளம் 5.84 மீற்றர், அகலம் 2.62, உயரம் 2.74. ஆறால் வகுத்தால் 97, 44, 46 சென்ரிமீற்றர் வரும். எடை அப்படிக் குறையாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஆறால் குறைவதால் எடை 216 ஆல் வகுபடும். 30 தொன் தாங்கி அந்தக் கணக்கில் 140 கிலோ. இருவர் தூக்கி லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றக்கூடியதாக இருக்க வேண்டுமென்று 55 கிலோவை எல்லையாக வைத்தோம். அதனால்தான் உடற்கூடு இரும்புத் தகட்டில் அல்லாமல் பிளைவூட்டில் செய்யப்பட்டது.

ஜேர்மன் டைகர் தாங்கியைக் கட்டியிருக்கலாம் என்று இளைஞர் சிலர் இன்றும் சொல்கின்றனர். ஆரம்பகால டைகரில் ஒரு பக்கத்துக்கு 8 அச்சு, ஒவ்வோர் அச்சிலும் மூன்று சில்லு, இரு பக்கமும் சேர்த்து 48. ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும் சில்லுகளுக்கு இடையில் எமது செம்மண் ஈரமாகப் புகுந்து காய்ந்தால் அத்தனையையும் கழற்றித்தான் எடுக்க வேண்டும். உட்சில்லு ஒன்றின் பெயாரிங் போனாலும் வெளிச்சில்லுகளைக் கழற்ற வேண்டும். ஷேர்மனில் மொத்தம் 12 சில்லுதான், இரண்டிரண்டாக ஆறு போகிகளில், அதாவது ஸ்பிரிங்கோடு கூடிய சில்லுச் சட்டங்களில். ஒரு போகியை நான்கு போல்ற்றில் கழற்றி மேசையில் வைத்து வேலை செய்யலாம். இன்னொரு வசதி, அதன் அளவுகள் அங்குலத்தில் அமைந்தவை. சில்லுகளைச் சுற்றி நிலத்தில் ஓடும் செயின் கட்டை கட்டையாகக் கோத்தது, ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு 6 அங்குலம். எமக்கு அது சரியாக 1 அங்குலம், அதாவது 25.4 மில்லிமீற்றர். சைக்கிள் சங்கிலியின் இடைவெளி அரை அங்குலம் என்பதால், செய்த கட்டைகளைச் சரிபார்க்க ஒரு முழம் புதுச் சைக்கிள் சங்கிலியே அளவுகோலாகிறது. 20 அங்குலச் சில்லு எமக்கு 85 மில்லிமீற்றர்.

வெளிநாட்டில் இந்த அளவுக்கு உலோகக் கிற் விற்பவர்கள் இருக்கிறார்கள். விலை பல இலட்சம் ரூபா, தீர்வை வேறு. யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் பொருளாலும் எமது லேத் பட்டறைகளாலும் இதைக் கட்டமுடியும் என்பதே என் நிலைப்பாடு. இதுவரை முடிந்த வேலை அதற்குச் சாட்சி.

உடற்கூட்டின் அடித்தளம் 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட், பக்கங்கள் 9 மில்லிமீற்றர். போகிகள் பூட்டும் இடங்களில் உட்பக்கமாக 3 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு வைத்து, மரத்தையும் தகட்டையும் சேர்த்துப் போல்ற் இறுக்கியுள்ளோம். மரத்தில் மட்டும் இறுக்கினால் சில மணி நேர ஓட்டத்தில் துளை நீள்வட்டமாகிவிடும். பிளைவூட்டின் வெட்டு விளிம்புகளால்தான் மாரியில் ஈரம் உள்ளே போகும். ஆகவே படகு கட்டுபவர்கள் பாவிக்கும் பொலியெஸ்ரர் ரெசினை விளிம்புகளுக்கு இரண்டு தடவை பூசி, அடித்தளத்துக்கு ஒரு படை பைபர் பாயும் ஒட்டினோம். எமது வெயிலுக்கு ரெசினை இறுகவைக்கும் ஹாட்னர் 1 சதவீதம் போதும். 2 சதவீதம் விட்டால் பூசி முடிப்பதற்குள் கோப்பையிலேயே சூடேறி இறுகிவிடும். போல்ற், நட் எல்லாம் துருப்பிடிக்காத உருக்கு. நாகம் பூசியவை கடற்காற்றுக்கு நிற்பதில்லை.

முப்பரிமாண அச்சில் பாகங்கள் செய்து தர ஒருவர் முன்வந்தார், அவருக்கு நன்றி. பிஎல்ஏ பிளாஸ்ரிக் 60 பாகைக்கு அண்மையில் இளகும். கடும்பச்சை பூசி வெயிலில் நிறுத்திய கூட்டுக்குள் அது நெளியும். எனவே விளக்குக் கூடு, கொக்கி போன்ற அலங்காரப் பாகங்களை மட்டும், அதுவும் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் பிஈரிஜி பிளாஸ்ரிக்கில் செய்வித்தோம்.

ஸ்பிரிங் விடயத்தில் நீண்ட விவாதம் நடந்தது. ஒரு போகிக்கு இரண்டாக மொத்தம் 12. 55 கிலோவைப் பங்கிட்டால் ஒன்றின்மேல் நாலரைக் கிலோ வரும். மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங் சுலபமாகக் கிடைக்கும் என்றாலும் இந்த எடைக்கு அது அசையவே அசையாது. மேட்டில் ஏறும்போது நடுச் சில்லுகள் அந்தரத்தில் நிற்கும், செயின் கழரும். கம்பியின் தடிப்பு சிறிது கூடினாலும் விறைப்பு நான்காம் அடுக்கில் கூடும். 2 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதில் 2.5 எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. நாம் சுற்றுவித்தது 2 மில்லிமீற்றர் உருக்குக் கம்பி, 16 மில்லிமீற்றர் விட்டம், வேலை செய்யும் சுற்று ஆறு. முழு எடையில் அது 7 மில்லிமீற்றர் அளவில் அமுங்கும், அதுவே வேண்டியது. சில்லுகள் நைலோனில் கடைந்தவை. சில்லுக்கு இரண்டு 608 பெயாரிங், செயினை இறுக்கிப் பிடிக்கும் பின் இழுவைச் சில்லுகள் இரண்டுக்கும் சேர்த்து 28. வாங்குபவர்கள் இறப்பர் மூடி உள்ளதைக் கேட்டு வாங்கவும். தகர மூடிக்குள் மணற்காட்டு மணல் போல நுண்மணல் புகுந்துவிடும்.

மோட்டார் பற்றி. வாகன வைப்பர் மோட்டார் மலிவு என்று பலர் ஆலோசனை சொன்னார்கள். பல வைப்பர் மோட்டார்களில் மறை முனை உடலோடு இணைந்திருக்கும். திசை மாற்ற முனைகளை மாற்றியதும் உடலில் மின் ஏறி, இரண்டு மோட்டாரும் ஒரே உலோகத் தகட்டில் இருந்தால் குறுஞ்சுற்றாகும். அதோடு அவை ஒரு திசைக்கென்று பிறஷ் வைத்துச் செய்யப்பட்டவை. தாங்கியில் இடமும் வலமும் எதிரெதிராகச் சுழல வேண்டியிருப்பதால் ஒரு பக்கம் எப்போதும் மெதுவாகும், நேராக ஓடாது. ஆகவே மின்சைக்கிள்களுக்கு வரும் 24 வோல்ற், 250 வாற் கியர் மோட்டார் இரண்டு எடுத்தோம். சுற்று நிமிடத்துக்கு 300 அளவில். 11 பல்லிலிருந்து 22 பல்லுக்குச் சங்கிலி போட்டுப் பாதியாக்கியதில் வேகம் மணிக்கு 3 கிலோமீற்றர். நிஜத் தாங்கியின் 40 கிலோமீற்றரை ஆறால் வகுத்தால் இதைவிட இரு மடங்குக்கு மேல் வரும் என்பது சரி. ஆனால் தாங்கி திரும்பும்போது செயின் நிலத்தைப் பக்கவாட்டில் அராவிக்கொண்டுதான் திரும்பும். வேகத்தைவிட அந்த இழுவைக்கே மோட்டாருக்குப் பலம் வேண்டும். பிள்ளைகள் நிற்கும் இடத்தில் நடை வேகத்துக்கு மேல் ஓட்டுவதை நான் ஏற்கவும் மாட்டேன்.

பற்றரி 12 வோல்ற் 7 அம்பியர்மணி இரண்டு, தொடராக. இவ்வகை ஈய பற்றரியில் எழுதியிருக்கும் 7 மெதுவாக எடுத்தால்தான் கிடைக்கும். 12 அம்பியர் இழுக்கும்போது 4 அளவே தேறும், ஓட்டம் 20 நிமிடம். விளக்குக்கும் றிசீவருக்கும் என்று ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுக்க ஒருவரும் முயலவேண்டாம். அது முதலில் இறங்கி, சார்ஜ் ஏறும்போது மற்றது மிகையாக ஏறி இரண்டும் கெடும். 24 இலிருந்து இறக்கும் கொன்வேட்டர் தனியாகப் பூட்டப்பட்டுள்ளது. மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி, 30 அம்பியர் பியூஸ், பின்புறம் கைக்கு எட்டும் சிவப்பு நிறுத்தல் சுவிச் ஆகியனவும் உண்டு. 2.4 கிகாஹேர்ட்ஸ் அன்ரெனா அலுமினியத்தின் அருகில் படுத்துக் கிடந்தால் தூரம் குறையும் என்பதால் பீரங்கி பூட்டும் மேற்கூட்டின் மூடிக்குக் கீழே நிமிர்த்தி வைத்தோம். சிக்னல் அறுந்தால் இரு மோட்டாரும் நிற்கும்படி றிமோட்டில் அமைத்தாகிவிட்டது. சில்லுகளைத் தூக்கி வைத்து, றிமோட்டை அணைத்து அதைச் சோதிக்காமல் தாங்கியை நிலத்தில் இறக்கக்கூடாது.

பீரங்கிக் குழாய் வெறும் பிவிசி குழாய்தான். குண்டுச் சத்தம் போடும் ஒலிப்பெட்டி வைக்கலாம் என்ற யோசனையை நிர்வாகசபை நிராகரித்தது. எமது ஊரில் அந்தச் சத்தம் யாருக்கும் விளையாட்டல்ல. எந்த இராணுவத்தின் சின்னமும் போடப்படாது. கறுப்பும் மஞ்சள் காவியும் கலந்தெடுத்த பழைய ஒலிவ் பச்சை மட்டுமே பூசப்படும். பொது மைதானத்தில் ஓட்டுவதற்கு முன் உரியவர்களுக்கு எழுத்தில் அறிவிப்பதும் தீர்மானமாகியுள்ளது.

இப்போது நின்றுபோயிருக்கும் வேலைக்கு வருகிறேன். செயின். ஒரு பக்கத்துக்கு 79 கட்டை, இரண்டுக்கும் 158. ஒவ்வொரு கட்டையின் அகலத்தோடும் 54 மில்லிமீற்றர் ஆழத்துக்கு இரண்டு துளை, அவற்றுள் 4 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத கம்பி, இரு அந்தங்களிலும் அலுமினிய இணைப்பி. மொத்தம் 316 கம்பி, 316 இணைப்பி. கட்டைக்கு எச்டிபிஈ பிளாஸ்ரிக் எடுத்ததன் காரணம், நைலோன் மாரி ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். சில்லுக்கு அது பெரிதல்ல, செயினுக்கு ஆகாது. கட்டையின் துளைகளுக்கு இடையே 15.4 மில்லிமீற்றர், இணைப்பியில் 10. இரண்டும் சேர்ந்ததே 25.4. இதில் கட்டைக்கு 0.2 மில்லிமீற்றர் பிழைத்தாலும் 79 கட்டையில் ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் ஆகிவிடும், அரைக் கட்டைக்கும் மேல். 13 பல்லுள்ள முன் பற்சில்லு அதை ஏற்காது. செயின் பல்லின்மேல் ஏறிக் கழரும், இல்லையேல் இணைப்பி கிழியும். கையில் டிறில் பிடித்து இந்த ஆழத்துக்கு நேராகத் துளைக்க எவராலும் முடியாது. அதற்கென்று கட்டையைப் பிடித்து அலகை நேராக வழிநடத்தும் ஜிக் ஒன்றை உருக்கில் செய்து, தூண் டிறிலில் இரு பக்கமிருந்தும் பாதி பாதியாகத் துளைக்கும் முறை வகுக்கப்பட்டது. 4.2 மில்லிமீற்றர் டிறில் அலகு, குறைந்த சுற்று, ஒவ்வொரு 10 மில்லிமீற்றருக்கும் அலகை வெளியே எடுத்துச் சுருளை நீக்க வேண்டும். எடுக்காவிட்டால் பிளாஸ்ரிக் உருகி அலகைப் பிடிக்கும், துளை சாயும்.

இடப்பக்கச் செயின் பூரணமாக முடிந்து, பூட்டி, மேசையில் ஓட்டிப் பார்த்தாயிற்று. முன்னோக்கி ஓடும்போது மேற்பகுதி இறுகி, தளர்வு பற்சில்லுக்கும் முதற் சில்லுக்கும் இடையில் வந்து சேர்கிறது. அதிகம் தளர்ந்திருந்தால் திரும்பும்போது அந்த இடத்தில்தான் கழரும். மேலே இரு உருளைகளுக்கு நடுவில் விரலால் அழுத்த 5 மில்லிமீற்றர் அளவு தாழ்ந்தால் சரி. கம்பித் துளைகள் தேயத்தேயச் செயின் நீளும் என்பதால் பின் சில்லுக்கு 15 மில்லிமீற்றர் இழுவை விட்டுள்ளோம்.

வலப்பக்கச் செயின் பாதியில் நிற்கிறது. கட்டைகள் வெட்டிப் பெட்டியில் கிடக்கின்றன, ஜிக் இருக்கிறது, கம்பி இருக்கிறது, வருவதற்கு ஆள் இல்லை. நால்வர் அமர்ந்தால் ஒருவர் துளைக்க, ஒருவர் விளிம்பு அராவ, ஒருவர் அளக்க, ஒருவர் கோக்க, வேலை ஓடும். ஒருவர் தனியே செய்தால் ஜிக்கை மாற்றிப் பூட்டுவதிலேயே பொழுது போய்விடும், ஒவ்வொரு மாற்றத்திலும் அளவு பிசகவும் இடமுண்டு. வேலை நாள் அறிவித்தலுக்கு ‘வருகிறேன்’ என்று பதில் போட்டுவிட்டு வராமல் இருப்பது, வரமாட்டேன் என்று சொல்வதைவிடச் சங்கத்துக்குக் கேடானது. வராதவர் பெயர்களை இங்கே எழுதவில்லை. வருகைப் பதிவேடு மேசையில் உள்ளது. தவறாது வந்த சிலருக்கு, குறிப்பாக உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு வந்த மாணவர்களுக்கு, இச்சபை நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமன். கையிருப்பு சென்ற ஆண்டிலும் குறைவு. செலவின் பெரும்பகுதி மோட்டார், கொன்ட்ரோலர், லேத் கூலி ஆகியவற்றுக்குப் போனது. பற்றுச்சீட்டுகள் கோவையில் உள்ளன. பற்றுச்சீட்டு வழங்காத சிறு பட்டறைகளுக்குத் தலைவர் ஒப்பமிட்ட வவுச்சர் உண்டு. சந்தா நிலுவை அங்கத்தவரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இருக்கிறது. அது வந்திருந்தால் மேற்கூட்டைச் சுழற்றும் மோட்டாரும் வாங்கியிருக்கலாம். இப்போது மேற்கூடு கையால்தான் திரும்புகிறது.

தலைவர், பொருளாளர், கணக்காய்வாளர், இடம் தந்த வாசிகசாலையினர், ரெசின் பூசும் முறையைச் சொல்லித்தந்த குருநகர்ப் படகுத் தொழிலாளர், எமது விசித்திரமான அளவுகளைப் பொறுமையோடு கடைந்து தந்த லேத் வேலையாட்கள் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டுக்குப் புதுத் திட்டம் எதையும் நான் முன்மொழியவில்லை. ஐப்பசி மழைக்கு முன் வலச் செயினை முடித்துத் தாங்கியை நிலத்தில் இறக்க வேண்டும், அதன்பின் வர்ணம். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க விரும்பினால் ஜிக்கையும் வரைபடங்களையும் அளவுக் கொப்பியையும் அன்றே கையளிக்கத் தயாராக இருக்கிறேன். எவரும் முன்வராவிடின் வேலை நாட்கள் ஞாயிறு காலை எட்டரைக்கு வாசிகசாலைப் பின் கொட்டகையில் தொடரும். அரமும், இருந்தால் வேணியர் அளவியும் கொண்டுவரவும். நிலுவைச் சந்தாவைப் பொருளாளரிடம் அங்கேயே செலுத்தலாம்.

இங்ஙனம்,
கௌரவ செயலாளர்
யாழ்ப்பாணம்