சூரைச்செடி வரைக்கும் சாப்பாடு கொண்டு வந்தவங்களுக்கு

அன்பானவங்க எல்லாருக்கும் இயேசுவின் நாமத்துல ஸ்தோத்திரம்.

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு இருந்த நன்றி மடல் இது. தம்பிக்காக நம்ம சபையே உபவாசம் இருந்துச்சு, சங்கிலி ஜெபம் வச்சீங்க, ஆஸ்பத்திரி வராண்டால வந்து உக்காந்தீங்க, ஆனாலும் அவன் போயிட்டான். அதுக்கப்புறம் எனக்கு ஜெபம் பண்ண வாயே வரல. கோயில் மணி அடிச்சா ஜன்னலை சாத்திருவேன், பாமாலை புஸ்தகத்தை அலமாரிக்குள்ள வச்சு பூட்டிட்டேன். "விசுவாசம் பத்தலம்மா, அதான்"னு ஒண்ணு ரெண்டு பேர் சொல்லிட்டும் போனாங்க, அந்த வார்த்தை எவ்வளவு ஆழமா குத்துச்சுன்னு கர்த்தருக்குத்தான் தெரியும்.

அப்ப என்னைத் தூக்கி நிறுத்தினது பைபிள்ல வர்ற எலியா தீர்க்கதரிசியோட கதைதான். ஓய்வுநாள் பள்ளியில வருஷா வருஷம் நான் சொல்லிக்குடுக்கிற கதை. கர்மேல் மலை, எலியாவுக்கு எதிரா பாகால்ங்கிற சாமியோட தீர்க்கதரிசிகள் 450 பேர், எலியா ஜெபத்துக்கு வானத்துல இருந்து இறங்கின அக்கினி, உள்ளங்கை அளவு மேகம், அப்புறம் பெருமழை. பிள்ளைங்க கை தட்டுவாங்க, பெல் அடிச்சிரும், கதை அங்கேயே முடிஞ்சிரும். ஆனா பைபிள்ல அங்க முடியல. அடுத்த அதிகாரத்தைத் திருப்பினா, யேசபேல் ராணி ஒரு மிரட்டல் சொல்லி அனுப்பினதும் அதே எலியா உயிர் தப்ப ஓடுறார், பெயெர்செபாவுல வேலைக்காரனை விட்டுட்டு ஒத்தையா வனாந்தரத்துல ஒரு நாள் தூரம் நடந்து போய் சூரைச்செடிக்குக் கீழ உக்காந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்"னு சொல்றார். அக்கினியைக் கண்ணால பாத்த மனுஷன் சொன்ன ஜெபம் அது!

இப்பதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். கர்த்தர் அவரைத் திட்டவே இல்ல. விசுவாசம் எங்க போச்சுன்னு கேக்கல. தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி "எழுந்திருந்து போஜனம்பண்ணு"ன்னான், தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் இருந்துச்சு, சாப்பிட்டுட்டு மனுஷன் திரும்ப படுத்துட்டார், அதுக்கும் கோபப்படல, ரெண்டாந்தரமும் எழுப்பி "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்"னு சொல்லி சாப்பிட வச்சான். ஓரேப் மலைக்குப் போய், அங்க ஒரு குகையில தங்கினதுக்கு அப்புறம்தான் "இங்கே உனக்கு என்ன காரியம்"ங்கிற கேள்வியே வருது, நடுவுல 40 நாள் நடை இருக்கு. முதல்ல சோறு, தூக்கம், அப்புறம்தான் பேச்சு.

எனக்கும் அப்படித்தான் நடந்துச்சு. மேலத்தெரு மைனி, காலைல தூக்குவாளியில இட்லியும் எள்ளுப்பொடியும் கொண்டு வந்து மேசையில வச்சுட்டு ஒரு வார்த்தை பேசாம பாத்திரத்தைக் கழுவி வச்சுட்டுப் போவீங்களே, மறுநாளும் வருவீங்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்லுவேன். நம்ம சபை போதகர் ஐயரவாள், நீங்க பெரிய பிரசங்கம் ஒண்ணும் பண்ணல, திண்ணையில உக்காந்து "சாப்டியாம்மா, தூங்கினியா"ன்னு கேட்டுட்டு தம்பி சின்ன வயசுல கிறிஸ்மஸ் டிராமால மேய்ப்பனா வந்த கதையைச் சொன்னீங்க, அன்னைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன். தூக்கமே வராம இருந்தப்ப டாக்டர்கிட்ட கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போன சிநேகிதிக்கும் நன்றி. மாத்திரை சாப்பிடுறது அவிசுவாசம் இல்ல, தூதன் கொண்டு வந்த அடை மாதிரி அதுவும் கர்த்தர் குடுத்ததுதான்னு நான் நம்புறேன்.

எதிர்த்த வீட்டு லாத்தா, நோன்புக் கஞ்சி காய்ச்சினா முதல் கிண்ணம் எங்க வீட்டுக்குத்தான் வரும். எலியாவுக்குப் பஞ்சத்துல சோறு போட்ட சாறிபாத் ஊர் விதவையும் சீதோன் நாட்டுக்காரி, இஸ்ரவேல் இல்ல, அதை இயேசுவே நாசரேத் ஜெப ஆலயத்துல எடுத்துச் சொன்னார். அந்த வசனம் வாசிக்கும்போதெல்லாம் உங்க முகம்தான் வருது லாத்தா.

போன மாசம் பெண்கள் ஐக்கிய சங்கத்துல சாட்சி சொல்லச் சொன்னீங்க, கை நடுங்குச்சு, இந்த ஒரு அதிகாரத்தை மட்டும் வாசிச்சு சொன்னேன். கூட்டம் முடிஞ்சதும் ஒரு அக்கா என் கையைப் பிடிச்சிட்டு "நானும் அந்தச் செடிக்குக் கீழதான் இருக்கேன், யார்ட்டயும் சொல்லல"ன்னாங்க. அன்னைக்கு விளங்குச்சு, நான் பட்டதை வச்சு இன்னொருத்தர் பக்கத்துல போய் உக்காரலாம்னு. இப்ப நாங்க ஒரு நாலஞ்சு பேர் சேர்ந்து துக்க வீட்டுக்கு சாப்பாடு குடுத்துட்டு வர்றோம். அவங்க கேட்டாத்தான் ஜெபம், இல்லன்னா பாத்திரம் கழுவிட்டு வந்துருவோம்.

"நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்"னு எலியா சொன்னப்ப, பாகாலுக்கு முழங்கால் போடாத 7000 பேர் இருக்காங்கன்னு கர்த்தர் சொன்னார், கூடவே துணைக்கு எலிசாவையும் குடுத்தார். எனக்கு உங்களைக் குடுத்தார். தம்பி ஏன் போனான்னு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கல, ஆனா அந்தக் கேள்வியை இப்ப அவர்கிட்டயே கேக்குறேன், அதுவே எனக்குப் பெரிய காரியம்.

மனசு ஒடிஞ்சு கோயிலுக்கு வராம இருக்கிறவங்க யாராவது இதை வாசிச்சா, முதல்ல சாப்பிடுங்க, தூங்குங்க, நம்பிக்கையான ஒருத்தர்ட்ட சொல்லுங்க, சாகலாம்னு தோணுச்சுன்னா தள்ளிப்போடாம அன்னைக்கே சொல்லி டாக்டரையும் பாருங்க. வர்ற அசனத்துக்கு, அதான் நம்ம கோயில் விருந்துக்கு, காய் வெட்டுற இடத்துல நான் காலைல இருந்தே இருப்பேன். பேசணும்னாலும் வாங்க, சும்மா உக்காரணும்னாலும் வாங்க.

உங்கள் அன்பு சகோதரி,
ஓய்வுநாள் பள்ளி டீச்சர், பாளையங்கோட்டை